"ரெண்டு வேளை போதும்"னு போடுறதுக்கு முன்னாடி நாயோட வயசையும் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க பேப்பர்ல செல்லப்பிராணி துணுக்கு வந்தா மத்த பக்கத்தையெல்லாம் தள்ளிட்டு முதல்ல அதைப் படிக்கிற ஆள் நான். சமீபத்துல அதுல "நாய்க்கு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை சாப்பாடு போதும்"னு ஒத்த வரி போட்டிருந்தீங்க. வளர்ந்த, நோய் நொடி இல்லாத நாய்க்கு அது சரிதான், நான் அதுக்கு சண்டைக்கு வரல. ஆனா ஆறு வாரக் குட்டியை நேத்துதான் தூக்கிட்டு வந்த வீட்லயும் அதே வரியைத்தான் படிப்பாங்க, குட்டி போட்ட தாய் நாய் இருக்குற வீட்லயும் அதைத்தான் படிப்பாங்க, பல்லு போன கிழட்டு நாய் வச்சிருக்கிறவங்களும் அதைத்தான் படிப்பாங்க. இவங்க மூணு பேருக்குமே அந்த வரி தப்பான பதில். அடுத்த தடவை போடும்போது வயசு வாரியா பிரிச்சு ஒரு பெட்டிச் செய்தியா போடுங்கன்னு கேட்டுக்கத்தான் இந்த லெட்டர், அதுல என்னென்ன வரணும்னு எனக்குத் தெரிஞ்சதை கீழ எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல, குட்டிங்க பத்தின பகுதியை மட்டும் வெட்டிடாதீங்க.

முதல்ல ஒரு குழப்பம், இது நிறைய பேருக்கு இருக்கு. எத்தனை வேளைங்கிறது ஒரு கேள்வி, மொத்தம் எவ்வளவுங்கிறது வேற கேள்வி. வேளையை கூட்டினா சாப்பாட்டையும் கூட்டணும்னு அர்த்தம் கிடையாது, ஒரு நாளைக்கான அளவை முடிவு பண்ணிட்டு அதைத்தான் நாலாவோ மூணாவோ ரெண்டாவோ பிரிக்கிறோம். பாக்கெட் உணவோட பின்பக்கம் இருக்குற டேபிள்ல கிராம் கணக்கு போட்டிருப்பாங்கல்ல, அது பொதுவா முழு நாளுக்கான கணக்கு, அதை ஒரு வேளைக்குன்னு நினைச்சு காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை அப்படியே போட்டுட்டு "பாக்கெட்ல சொன்ன மாதிரிதான் போடுறேன், ஏன் இப்படி குண்டாகுது"ன்னு டாக்டர்கிட்ட கேக்குறவங்க உண்டு.

சரி, பிறந்ததுல இருந்து வருவோம். தாய் நாய் கூட இருந்தா முதல் மூணு வாரம் நமக்கு வேலையே இல்ல, குட்டிங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போல பால் குடிச்சிட்டு தூங்கும், அவ்வளவுதான். பிறந்த முதல் நாள்ல சீம்பால் உள்ள போயிடுச்சான்னு மட்டும் பாத்துக்கணும், ஏன்னா நோய் எதிர்ப்பு சக்தி அதுலதான் வருது, ஒரு நாள் தாண்டிட்டா குட்டியோட குடல் அதை அப்படியே உள்ள இழுத்துக்காது. குட்டி நல்லா குடிக்குதான்னு கண்டுபிடிக்க தினமும் ஒரே நேரத்துக்கு எடை போட்டா போதும், எடை ஒவ்வொரு நாளும் ஏறணும், எட்டுல இருந்து பத்து நாளுக்குள்ள பிறந்த எடை ரெண்டு மடங்கா ஆயிடணும். ஏறாம ஒரே இடத்துல நிக்குற குட்டி இருந்தா அதை மத்த குட்டிங்க தள்ளிவிடுதுன்னு அர்த்தம், இல்லன்னா உடம்புல ஏதோ கோளாறு.

தாய் இல்லாத குட்டின்னா கதையே வேற. முதல் வாரம் ராத்திரி பகல் பாக்காம ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டணும், ரெண்டாவது வாரம் மூணு நாலு மணி நேரம்னு இடைவெளி விடலாம், அப்புறம் மெதுவா இன்னும் கொஞ்சம் கூட்டலாம். இங்க பாலைத்தான் எல்லாரும் தப்பா பிடிக்கிறாங்க. தாய் நாயோட பால்ல இருக்குற புரதமும் கொழுப்பும் பசும்பால்ல இருக்குறதை விட ரெண்டு மடங்குக்கும் மேல, ஆனா லாக்டோஸ் சர்க்கரை பசும்பால்லதான் அதிகம். அதனால பசும்பால் குடிச்ச குட்டிக்கு வயித்தால போகும், எடையும் ஏறாது, ரெண்டு பக்கமும் நஷ்டம். நாய்க்குட்டிக்குன்னே தயாரிச்ச பால் பவுடர் கிடைக்குது, அதைத்தான் வாங்கணும். இன்னொன்னு, குட்டி உடம்பு சில்லுன்னு இருந்தா வாயில எதையும் ஊத்தவே கூடாது, உடம்பு சூடு 35 டிகிரி செல்சியஸுக்கு கீழ போயிட்டா குடல் வேலை செய்யாது, உள்ள போன பால் அப்படியே தங்கி கெட்டுப் போகும், அதனால முதல்ல மெதுவா சூடு ஏத்திட்டு அப்புறம்தான் பால். ஊட்டும்போது மனுஷக் குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டுறாங்க, பாக்க அழகா இருக்குன்னு போட்டோவும் எடுத்துப் போடுறாங்க, அது ரொம்ப ஆபத்து, பால் மூச்சுக்குழாய்க்குள்ள போய் நிமோனியாவுல முடியும். குப்புற, தாய்கிட்ட எப்படி குடிக்குமோ அப்படி வயிறு கீழ இருக்குற மாதிரி வச்சுத்தான் ஊட்டணும். குடிச்சு முடிச்சதும் வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச பஞ்சால அடிப்பக்கம் மெதுவா தடவி விடணும், அந்த வயசுல தானா ஒண்ணுக்கு ரெண்டுக்கு போகத் தெரியாது, தாய் நக்கி விடுறதைத்தான் நாம பஞ்சால செய்யுறோம்.

மூணு நாலு வாரத்துல பல்லு எட்டிப் பாக்க ஆரம்பிக்கும், அப்போ குட்டி உணவை வெந்நீர்ல ஊற வச்சு கூழ் மாதிரி ஆக்கி தட்டையான தட்டுல வைக்கலாம். முதல் ரெண்டு நாள் அது மேல நடக்கும், அதுல உக்காரும், மூக்குல அப்பிக்கும், சாப்பிடுறது ரொம்ப கொஞ்சம்தான், கவலைப்படாதீங்க, பால்தான் இன்னும் முக்கிய சாப்பாடு. ஒவ்வொரு வாரமும் தண்ணியை குறைச்சுக்கிட்டே வந்தா ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள பாலை மறந்துடும். அதுக்கு முன்னாடி தாய்கிட்ட இருந்து பிரிச்சு வித்துடுறாங்கன்னா வாங்காதீங்க, நாலு வாரக் குட்டியை "எல்லாம் நல்லா சாப்பிடும்"னு சொல்லி கையில குடுக்குறவங்க பேச்சை நம்பாதீங்க.

இனிமேதான் உங்க துணுக்கு இடிக்கிற இடம். ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு நாலு வேளை. காலைல எந்திரிச்சதும், மதியத்துக்கு முன்னாடி, சாயங்காலம், ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி, ஏறக்குறைய சமமான இடைவெளியில. ஏன் நாலுன்னா, குட்டிக்கு ஒரு கிலோ எடைக்கு வளர்ந்த நாயை விட ரெண்டு மடங்கு சக்தி வேணும், ஆனா அதோட வயிறு சின்னது, ஒரே தடவைல அவ்வளவையும் திணிச்சா வாந்தி எடுக்கும் இல்லன்னா பேதி ஆகும். கல்லீரல்ல சர்க்கரையை சேமிச்சு வைக்கிற அளவும் குட்டிங்களுக்கு ரொம்ப கம்மி, பெரிய நாய் ஒரு நாள் முழுக்க பட்டினி கிடந்தாலும் ரத்தத்துல சர்க்கரையை சமாளிச்சுக்கும், குட்டியால முடியாது.

இதுல சின்ன ரக குட்டிங்கதான் முதல்ல மாட்டும். சிவாவா, யார்க்ஷயர் டெரியர், பொமரேனியன் மாதிரி உள்ளங்கை சைஸ் குட்டிங்களுக்கு நாலு வேளைகூட சில சமயம் பத்தாது, அஞ்சு ஆறு தடவையா பிரிக்கச் சொல்லி டாக்டர்களே சொல்வாங்க. ராத்திரி எட்டு மணிக்கு சாப்பாடு போட்டுட்டு மறுநாள் காலைல ஒம்பது மணிக்கு அடுத்த வேளைன்னு விட்டீங்கன்னா சர்க்கரை இறங்கிடும், குட்டி சோர்ந்து படுக்கும், நிக்க வச்சா தள்ளாடும், நடுங்கும், கூப்பிட்டா திரும்பாது, முத்திப் போனா வலிப்பு வரும். வீட்ல இருக்குறவங்க "புது இடம், பயந்து போயிருக்கு, தூங்கட்டும்"னு விட்டுடுவாங்க. தூங்க விடக்கூடாது, கொஞ்சம் தேனோ சர்க்கரைத் தண்ணியோ விரல்ல தொட்டு ஈறுல தடவிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடணும். தொண்டைக்குள்ள ஊத்தக்கூடாது, மயக்கத்துல இருக்குற குட்டிக்கு அது புரையேறிடும்.

குட்டி வயிறு பத்தி இன்னொன்னு சொல்லிடுறேன். உடம்பு ஒல்லி, முதுகெலும்பு தெரியுது, வயிறு மட்டும் பானையா உப்பி இருக்குன்னா அது நிறைய சாப்பிட்ட வயிறு இல்ல, பெரும்பாலும் குடல் புழு. உருண்டைப் புழு தாய் வயித்துல இருக்கும்போதே குட்டிக்குள்ள வந்துடும், அதனாலதான் ரெண்டு வாரத்துலயே புழு மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை குடுக்கச் சொல்றாங்க. புழு இருக்குற வரைக்கும் எத்தனை வேளை போட்டாலும் அது புழுவுக்குத்தான் போகும்.

மூணு மாசம் தாண்டினதும் மூணு வேளை, ஆறு மாசம் வரைக்கும். குட்டியே சொல்லும், நாலுல ஒரு வேளை சாப்பாட்டை மோந்து பாத்துட்டு போக ஆரம்பிக்கும், அந்த வேளையை எடுத்துட்டு அதோட பங்கை மத்த மூணுல சேத்துடலாம். இந்த வயசுல நேரம் தவறாம போடுறதுல ஒரு பெரிய லாபம் இருக்கு, அது டாய்லெட் பழக்கம். வயித்துக்குள்ள சாப்பாடு இறங்கினதும் பெருங்குடல் தானா அசைய ஆரம்பிக்கும், குட்டிங்க சாப்பிட்டு முடிச்ச அஞ்சு நிமிஷத்துல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள போயிடும். சாப்பாட்டு நேரம் நிலையா இருந்தா போற நேரமும் நிலையா இருக்கும், சரியா அந்த நேரத்துல வெளிய கூட்டிட்டு போனா வீடு நாறாது. நாள் முழுக்க பவுல்ல சாப்பாட்டை நிரப்பி வச்சுட்டு "எங்க குட்டி கண்ட இடத்துல போகுது"ன்னு அடிக்கிறாங்க பாருங்க, அதுல குட்டி மேல என்ன தப்பு இருக்கு.

ஆறு மாசத்துக்கு மேல ரெண்டு வேளை, உங்க துணுக்கு சொன்னது இங்க இருந்துதான் பொருந்தும். ஆனா வேளை ரெண்டாச்சுன்னா குட்டி உணவையும் நிறுத்திடலாம்னு நினைக்காதீங்க, அது வேற கணக்கு. சின்ன ரகம் ஒம்பது மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள வளர்ந்து முடிச்சுடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய ரகம் ஒன்றரை வயசு வரைக்கும் வளரும், கிரேட் டேன் போல ராட்சச ரகம் ரெண்டு வயசு வரைக்கும்கூட. அதுவரைக்கும் குட்டி உணவுதான், அதுலயும் பெரிய ரக குட்டிக்குன்னு தனியா போட்டிருக்குறதுதான்.

இங்கதான் அன்பு ஜாஸ்தியானவங்க பண்ற காரியம் ஒண்ணு இருக்கு. பெரிய ரக குட்டின்னா எலும்பு நல்லா வரணும்னு கால்சியம் டானிக், கால்சியம் மாத்திரை, எலும்புத்தூள்னு தனியா குடுப்பாங்க. வளர்ந்த நாய் தனக்கு வேண்டாத கால்சியத்தை உள்ள இழுக்காம தள்ளிவிடும், குட்டியால அது முடியாது, குடுக்குறது நிறைய உள்ள போயிடும். விளைவு என்னன்னா எலும்பும் மூட்டும் கோணலா வளரும், இதை கிரேட் டேன் குட்டிங்களை வச்சே ஆராய்ச்சில காட்டியிருக்காங்க. முழுமையான குட்டி உணவு சாப்பிடுற குட்டிக்கு தனியா கால்சியம் வேண்டவே வேண்டாம். வீட்டு சாப்பாடு மட்டும்தான் போடுறீங்கன்னா அதுல கால்சியம் பத்தாமப் போகும், அது உண்மை, ஆனா அளவை டாக்டர் கணக்குப் போட்டு சொல்லணும், கடைல கேட்டு வாங்கி ஸ்பூன்ல ஊத்துறது கிடையாது. அதே மாதிரி பெரிய ரக குட்டியை கொழு கொழுன்னு வேகமா வளர்க்கக் கூடாது, ஒல்லியா மெதுவா வளர்ந்தாலும் கடைசில அதே உயரத்துக்குத்தான் வரும், இடுப்பு மூட்டு மட்டும் தப்பிக்கும்.

வளர்ந்த நாய்க்கு ரெண்டா ஒண்ணான்னு ஒரு பட்டிமன்றம் நடந்துக்கிட்டு இருக்கு, அதைப் பத்தியும் எழுதணும். அமெரிக்காவுல டாக் ஏஜிங் புராஜெக்ட்னு ஒரு பெரிய ஆய்வு நடக்குது, அதுல இருந்து 2022-ல ஒரு கட்டுரை வந்துச்சு, 24,000-க்கும் மேல நாய்ங்களோட விவரத்தை வச்சு, ஒரு வேளை மட்டும் சாப்பிடுற நாய்ங்களுக்கு ஞாபக சக்தி மதிப்பெண் கொஞ்சம் நல்லா இருக்கு, சில நோய்ங்க கம்மியா இருக்குன்னு சொன்னாங்க. உடனே எல்லாரும் "ஒரு வேளைதான் பெஸ்ட்"னு ஆரம்பிச்சுட்டாங்க. அந்த ஆராய்ச்சி பண்ணவங்களே இதை வச்சு யாரும் பழக்கத்தை மாத்திக்காதீங்கன்னுதான் சொன்னாங்க, ஏன்னா அது வீட்டுக்காரங்க நிரப்பிக் குடுத்த படிவத்தை வச்சு செஞ்சது. நோயாளி நாய்க்கு மருந்தோட சேத்து ரெண்டு மூணு வேளை பிரிச்சுப் போடுறாங்கன்னு வைங்க, கணக்குல பாத்தா அதிக வேளை சாப்பிட்டதாலதான் நோய் வந்த மாதிரி தெரியும். எது முன்னாடி எது பின்னாடின்னு அதுல சொல்ல முடியாது.

ஓநாயை இழுத்துட்டு வர்றவங்களும் இருக்காங்க. ஓநாய் மூணு நாளைக்கு ஒரு தடவை சாப்பிடுது, நாயும் அந்த வம்சம்தானேன்னு. நாய் நம்ம கூட வாழ ஆரம்பிச்சதுக்கு அப்புறம் மாவுச்சத்தை செரிக்கிற ஜீன் அதுக்குள்ள பல மடங்கு பெருகியிருக்குன்னு 2013-லயே கண்டுபிடிச்சாச்சு, வயிறே மாறிடுச்சு. அதுவும் போக, ஓநாய்க்கூட்டத்துலயே பெரிசுங்க வேட்டைக்குப் போயிட்டு வந்து தின்னதைக் கக்கி குட்டிங்களுக்கு அடிக்கடி ஊட்டுது, அதை மட்டும் இவங்க வசதியா மறந்துடுறாங்க.

என் கட்சி ரெண்டு வேளைதான், அதுக்கு காரணம் வயிறு முறுக்கிக்கிற நோய். நெஞ்சு ஆழமா இருக்குற பெரிய ரகங்கள், அதாவது கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், செயின்ட் பெர்னார்ட் இதுங்களுக்கெல்லாம் வயித்துல காத்து நிரம்பி, அப்படியே வயிறு தன்னைத்தானே சுத்திக்கும், ரத்த ஓட்டம் நின்னுடும், ஆபரேஷன் பண்ணலன்னா சில மணி நேரத்துல உயிர் போயிடும். நாள் முழுக்கான சாப்பாட்டை ஒரே வேளையா போடுறதும், நாய் அதை அவசர அவசரமா முழுங்குறதும் இந்த ஆபத்தை ஏத்துதுன்னு தெரியும். உயரமான ஸ்டாண்ட்ல பவுல் வச்சா நல்லதுன்னு ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை இருந்துச்சு, பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரங்க 2000-ல வெளியிட்ட ஆராய்ச்சில அது நேர் எதிரா, உயரமான பவுல் வச்ச பெரிய நாய்ங்களுக்குத்தான் இது அதிகம் வந்திருக்குன்னு வந்துச்சு. அறிகுறி என்னன்னா, வாந்தி எடுக்க முயற்சி பண்ணும், ஒண்ணும் வராது, எச்சி ஒழுகும், ஒரு இடத்துல நிக்காது, வயிறு டொம்முன்னு உப்பும். இதைப் பாத்தா காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, ராத்திரி எத்தனை மணின்னாலும் கிளம்பணும். சாப்பிட்ட உடனே ஓட விடுறதையும், ஓடி வந்த மூச்சிரைப்போட சாப்பாடு வைக்கிறதையும் விட்டுடுங்க, முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரமாவது விடுறது நல்லது.

ஒரு வேளை மட்டும் போடுற வீட்ல இன்னொரு விஷயமும் நடக்கும். விடிகாலைல நாய் மஞ்சளா நுரையா வாந்தி எடுக்கும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வாலாட்டிட்டு நிக்கும். வெறும் வயித்துல பித்தம் ஏறி வர்றதுதான் பெரும்பாலும். ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சமா ஒரு பங்கு போட்டா நிறைய நாய்ங்களுக்கு நின்னுடும். நிக்கலன்னா டாக்டர்.

இப்போ எவ்வளவுங்கிற கேள்வி. கால்குலேட்டர் எடுத்துக்கோங்க. நாயோட எடையை கிலோவுல எடுத்து எடை x எடை x எடைன்னு பெருக்குங்க, வர்றதுக்கு வர்க்கமூலம் எடுங்க, மறுபடியும் ஒரு தடவை வர்க்கமூலம் எடுங்க, அதை 70-ஆல பெருக்குங்க. 10 கிலோ நாய்க்கு 1000, அப்புறம் 31.6, அப்புறம் 5.6, கடைசில கிட்டத்தட்ட 395 கலோரி. இது சும்மா படுத்துக் கிடந்தாலே ஆகுற செலவு. கருத்தடை ஆபரேஷன் பண்ண வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல பெருக்கணும், பண்ணாததுக்கு 1.8, நாலு மாசத்துக்குள்ள இருக்குற குட்டிக்கு 3, அதுக்கு மேல வளர்ற குட்டிக்கு 2. ஆக அதே 10 கிலோ எடைதான், கருத்தடை பண்ண வளர்ந்த நாய்க்கு 630 கலோரி, பெரிய ரகத்து மூணு மாசக் குட்டிக்கு கிட்டத்தட்ட 1,200. இன்னொன்னும் இதுல தெரியும், 30 கிலோ நாய்க்கு 5 கிலோ நாயை விட எடை ஆறு மடங்கு, ஆனா கலோரி நாலு மடங்குகூட வராது, அதனால எடைக்கு நேர் கணக்கா சாப்பாட்டை கூட்டினா பெரிய நாய் வீங்கிடும். இதெல்லாம் ஆரம்பப் புள்ளிதான், ஒவ்வொரு நாயும் இதுல கொஞ்சம் மேல கீழதான் நிக்கும். பிஸ்கட், ட்ரீட், டேபிள்ல இருந்து தூக்கிப் போடுறது எல்லாம் சேத்து மொத்தத்துல பத்து சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, 630-ல 63, அது எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துடும்னு பாக்கெட்டைப் பாத்தா புரியும். கப்புல அளக்குறதை விட கிச்சன் தராசுல கிராம் போட்டுக்குறது உத்தமம், ஒரே கப்புல ஆளாளுக்கு ஒரு அளவு எடுப்பாங்க.

சரியா போகுதான்னு நாய் உடம்புலதான் பாக்கணும். விலாவுல கை வச்சு மெதுவா தடவுங்க. கையை விரிச்சு புறங்கையில தடவினா எலும்பு எப்படி தட்டுப்படுதோ அப்படி விலா எலும்பு தட்டுப்பட்டா சரியான உடம்பு. கையை மடக்கி முட்டியைத் தடவுற மாதிரி துருத்திட்டு இருந்தா ஒல்லி, தேடித் தேடி அழுத்தினாதான் தெரியுதுன்னா குண்டு. மேல இருந்து பாத்தா இடுப்பு தெரியணும். மாசத்துக்கு ரெண்டு தடவை இதைப் பாத்து அளவை கொஞ்சம் கூட்டிக் குறைச்சாலே போதும். கருத்தடை ஆபரேஷனுக்கு அப்புறம் இதைக் கட்டாயம் பாக்கணும், தேவை குறையும், பசி கூடும், பழைய அளவுலயே போட்டா மூணு மாசத்துல வித்தியாசம் தெரிஞ்சிடும்.

"பாவம், அது பசிக்குதுன்னு பாக்குது"ங்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். லாப்ரடார்ல நிறைய நாய்ங்களுக்கு பசி அடங்குச்சுன்னு மூளைக்கு சொல்ற ஜீன்லயே ஒரு கோளாறு இருக்கு, 2016-ல கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சாங்க, ஏறக்குறைய நாலுல ஒரு லாப்ரடாருக்கு அது இருக்கு. அது பாக்குற பார்வையை நம்பி போட்டீங்கன்னா முடிவே கிடையாது. ரெண்டாவது, ப்யூரினா கம்பெனி 48 லாப்ரடார் குட்டிங்களை ஜோடி ஜோடியா பிரிச்சு, ஜோடில ஒண்ணுக்கு மத்ததை விட 25 சதவீதம் கம்மியா வாழ்நாள் முழுக்க போட்டுப் பாத்தாங்க, 2002-ல வெளியிட்டாங்க. கம்மியா சாப்பிட்டதுங்கள்ல பாதி 13 வருஷம் வரைக்குமாவது வாழ்ந்துச்சு, மத்ததுங்கள்ல அந்தப் பாதிக் கணக்கு 11.2 வருஷம்தான். மூட்டு வலியும் தள்ளித்தான் வந்துச்சு. உணவு விக்கிற கம்பெனியே கம்மியா போடுங்கன்னு காட்டின ஆராய்ச்சிங்கிறதால எனக்கு இது மேல கூடுதல் மரியாதை.

சினை நாய்க்கு வருவோம். மொத்தம் ஏறக்குறைய 63 நாள். "வயித்துல குட்டி இருக்கு"ன்னு முதல் நாள்ல இருந்தே ரெண்டு பங்கு போடுறாங்க, தேவையில்ல, முதல் அஞ்சு வாரத்துக்கு பழைய அளவே போதும், நடுவுல மூணாவது நாலாவது வாரத்துல சில நாய்ங்க கொஞ்சம் சாப்பாட்டை ஒதுக்கும், அதுவும் சகஜம். கடைசி மூணு வாரம்தான் குட்டிங்க வேகமா வளரும், அப்போ மெல்ல மெல்ல கூட்டி கால்வாசில இருந்து பாதி வரைக்கும் அதிகம் போடணும், குட்டி உணவாவே மாத்திடலாம். ஆனா அப்போ வயித்துல இடம் இருக்காது, குட்டிங்க இரைப்பையை அழுத்தும், அதனால மூணு நாலு வேளையா சின்னச் சின்னதா. குட்டி போட்டதுக்கு அப்புறம் தலைகீழ், மூணாவது நாலாவது வாரத்துல பால் உச்சத்துல இருக்கும்போது குட்டிங்க எண்ணிக்கையைப் பொறுத்து சாதாரண தேவையை விட ரெண்டுல இருந்து நாலு மடங்கு வேணும். இந்த ஒரு கட்டத்துலதான் பவுலை எப்பவும் நிரப்பி வைக்கலாம், தண்ணியும் ஜாஸ்தியா. சினையா இருக்கும்போது கால்சியம் மாத்திரை போடாதீங்க, வெளிய இருந்து வந்துக்கிட்டே இருந்தா உடம்பு தன் எலும்புல இருந்து எடுக்குற பழக்கத்தை தள்ளிப் போட்டுடும், பால் சுரக்க ஆரம்பிச்சதும் ரத்தத்துல கால்சியம் சட்டுன்னு இறங்கும், சின்ன ரகத் தாய்ங்க நடுங்கும், விறைப்பா நடக்கும், மூச்சு வாங்கும், வலிப்பு வரும். அது அவசர கேஸ்.

வயசான நாய். எப்போ வயசானதுன்னா பெரிய ரகம் ஆறு ஏழு வயசுலயே, சின்ன ரகம் பத்து வயசு பக்கத்துல. ஓட்டம் குறையுறதால முதல்ல கலோரி கொஞ்சம் குறைக்கணும், ஆனா புரதத்தைக் குறைக்கக் கூடாது, வயசாச்சுன்னா கறி முட்டையெல்லாம் ஆகாதுன்னு நிறுத்திடுறாங்க, ஆரோக்கியமா இருக்குற கிழட்டு நாய்க்கு தசை கரையாம இருக்க நல்ல புரதம் வேணும். கிட்னி பிரச்சினை வந்து டாக்டர் சொன்னா அது தனி. ரொம்ப வயசானதுக்கு அப்புறம் நிலைமை மாறும், செரிமானம் குறையும், தானா இளைக்க ஆரம்பிக்கும், அப்போ மூணு வேளையா பிரிச்சு, வெதுவெதுன்னு சூடாக்கி, மிருதுவா ஊற வச்சுக் குடுத்தா மோப்பம் மங்கிப் போன நாய்கூட சாப்பிடும். இஷ்டமா வந்து பவுலை மோந்துட்டு சாப்பிடாம திரும்பிப் போகுதுன்னா பசி இல்லாம இல்ல, வாயைத் திறந்து பல்லைப் பாருங்க.

எந்த வயசா இருந்தாலும் சாப்பாட்டை திடுதிப்புனு மாத்தாதீங்க, ஒரு வாரம் எடுத்துக்கிட்டு பழசுல புதுசை கால்வாசி, பாதி, முக்கால்னு கலந்து மாத்தணும். வேளையைக் குறைக்கிறதையும் அப்படியே மெதுவா.

சாப்பிடவே மாட்டேங்குதுன்னா எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்னும் அந்தப் பெட்டில போடுங்க. சுறுசுறுப்பா இருக்குற வளர்ந்த நாய் ஒரு வேளை விட்டா பரவாயில்ல, ஒரு நாள் முழுக்க தொடலன்னா டாக்டர்கிட்ட காட்டணும். குட்டின்னா ஒரு நாள் காத்திருக்கக் கூடாது, ரெண்டு வேளை தொடர்ந்து ஒதுக்கினாலே கிளம்பணும், கூடவே வாந்தி பேதி இருந்தா அதுவும் கிடையாது, உடனே. சர்க்கரை நோய் இருக்குற நாய்க்கு பன்னண்டு மணி நேர இடைவெளில ரெண்டு வேளை சாப்பாடு, ரெண்டு இன்சுலின் ஊசின்னு போகும், அங்க வேளையை நாம இஷ்டத்துக்கு மாத்த முடியாது. அந்த நாய் ஒரு வேளை சாப்பிடலன்னா வழக்கம் போல ஊசியைப் போட்டுடாதீங்க, முதல்ல டாக்டருக்கு போன் போட்டு எவ்வளவு போடணும், போடணுமா வேண்டாமான்னு கேட்டுட்டுதான் ஊசியைத் தொடணும்.

இப்படிக்கு,
உங்க பேப்பர் வாசகர்